துண்டை விலக்கி விலையைப் பார்!

மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்கு இது தெரியும். தரகர் ஒரு பக்கம் நிற்பார். மாடு வாங்க வந்தவர் எதிரே நிற்பார். இருவர் கையின் மேலும் ஒரு துண்டு கிடக்கும். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வாய் பேசாது, விரல்தான் பேசும். சுற்றி நிற்கும் கூட்டத்துக்கு ஒன்றும் புரியாது. கடைசியில் தலையை ஆட்டுவார்கள். மாடு கைமாறிவிடும்.

“இதெல்லாம் பட்டிக்காட்டுப் பழக்கம்” என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்க வேண்டாம். சந்திரனுக்கு ஆள் அனுப்பிய அமெரிக்காவிலே, கண்ணாடி மாளிகை போன்ற கார்க் கடையிலே, இன்றும் துண்டு போட்டுத்தான் வியாபாரம் நடக்கிறது! அந்தத் துண்டு காகிதத்தால் ஆனது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கை விட்ட இருவருக்குமே விலை தெரியும். அமெரிக்கக் கார்க் கடையில் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் விற்கிறவர்.

நமக்கு ஏன் இந்தக் கவலை?

“அமெரிக்காவில் எவனோ கார் வாங்குகிறான். நமக்கு என்ன?” என்று கேட்பீர்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே வேலைக்குப் போயிருக்கிறார்கள்! கலிபோர்னியாவிலும், டெக்சாசிலும், நியூ ஜெர்சியிலும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே பல ஊர்களில் கார் இல்லாவிட்டால் கடைக்குக்கூடப் போக முடியாது. கையில் நாலு காசு சேர்ந்ததும், இளவட்டத்துக்கு ஒரு ஆசை வரும். இரண்டு பேர் மட்டும் உட்காரும், தாழ்வான, பாய்ந்து ஓடுகிற ஸ்போர்ட்ஸ் கார்! ஆசைப்படுவது தப்பில்லை. உழைத்த காசு, வாங்கட்டும். ஆனால் ஏமாறாமல் வாங்க வேண்டும் அல்லவா?

கண்ணாடியில் ஒட்டிய அட்டை

அமெரிக்காவில் புதுக் கார்களைப் பெரும்பாலும் ‘டீலர்’ என்கிற வியாபாரியிடம்தான் வாங்க வேண்டும். டீலர்களை வைத்து விற்கும் கம்பெனி, தானே பொதுமக்களுக்கு விற்பதற்குப் பெரும்பாலான மாகாணங்களில் தடையோ கட்டுப்பாடோ இருக்கிறது. டெஸ்லா கம்பெனி டீலரே இல்லாமல் நேராக விற்க ஆரம்பித்தது. அதற்காகப் பல மாகாணங்களில் வழக்காட வேண்டி வந்தது.

1950-களில் டீலர்களின் அட்டகாசம் அளவு கடந்து போயிற்று. காரின் உண்மை விலை இன்னதென்று வாங்குகிறவருக்குத் தெரியாது. டீலர் முதலில் விலையை ஏற்றி வைப்பார். பிறகு, “உங்கள் பழைய காருக்கு நல்ல விலை தருகிறேன்” என்று தாராளமாகக் கொடுப்பது போல் நடிப்பார். ஏற்றியதில் கொஞ்சத்தை இறக்கிக் காட்டுவதுதான் அந்தத் தாராளம்!

இதைத் தடுக்க 1958-ல் ஒரு சட்டம் வந்தது. ஒக்லஹோமா மாகாணத்தைச் சேர்ந்த மன்ரோனி என்ற செனட்டர் அதைக் கொண்டு வந்தார். அதன்படி ஒவ்வொரு புதுக் காரின் கண்ணாடியிலும் ஓர் அட்டை ஒட்ட வேண்டும். காரின் விலை, கூடுதல் சாமான்களின் விலை, கொண்டு வந்த செலவு எல்லாம் அதில் இருக்க வேண்டும். வாங்கியவர்தான் அதைக் கிழிக்கலாம். இன்றும் அதற்கு ‘மன்ரோனி அட்டை’ என்றே பெயர்.

நல்ல சட்டம். ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது.

நம் ஊரில் பிஸ்கட் பொட்டலத்தின் மேல் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினால் குற்றம். அமெரிக்கக் கார் அட்டையில் இருப்பது கம்பெனியின் சிபாரிசு விலைதான். டீலர் அதற்குக் குறைத்தும் விற்கலாம், கூட்டியும் விற்கலாம். சில கடைகளில் அந்த அட்டைக்குப் பக்கத்திலேயே இன்னொரு அட்டையைத் தாமாக ஒட்டி, மேலும் சில ஆயிரம் டாலரைக் கூட்டிவிடுவார்கள்!

ஆசைக்கு ஒரு விலை

குடும்பத்துக்கு வாங்கும் சாதாரணக் காரில் பேரம் பேச இடம் உண்டு. இந்தக் கடையில் இல்லையென்றால் அடுத்த கடையில் அதே கார் நிற்கும். ஸ்போர்ட்ஸ் கார் சங்கதி வேறு. கம்பெனி கொஞ்சம்தான் செய்யும். ஒவ்வொரு டீலருக்கும் இத்தனை என்று பங்கு வைத்து அனுப்பும். கேட்கிறவர்களோ ஏராளம்.

1989-ல் ஜப்பானின் மாஜ்டா கம்பெனி ‘மியாட்டா’ என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரை அமெரிக்காவில் கொண்டு வந்தது. மேற்கூரையை மடக்கிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டே ஓட்டலாம். அட்டை விலை 13,800 டாலர். நடுத்தரக் குடும்பத்துப் பையனுக்கும் எட்டுகிற விலை. நடந்தது என்ன? ஜனங்கள் முண்டியடித்தார்கள். டீலர்கள் அட்டை விலைக்கு மேல் பல ஆயிரம் டாலர் கேட்டார்கள். கொடுக்கவும் ஆள் இருந்தது!

2020-ஆம் வருஷ மாடலாக ‘கார்வெட்’ கார் புது அமைப்பில் வந்தது. என்ஜினை முன்னால் வைக்காமல், ஆசனத்துக்குப் பின்னால் வைத்துச் செய்தார்கள். ஆரம்ப விலை 60,000 டாலருக்கும் சற்றுக் குறைவு. உற்பத்தி தொடங்கும் சமயத்தில், 2019-ல், அந்தக் கம்பெனித் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அடுத்து கொரோனா வந்து தொழிற்சாலையை மூடிற்று. கார் அகப்படவில்லை. விளைவு? அட்டை விலைக்கு மேல் 10,000, 20,000 டாலர் என்று கேட்ட கடைகள் உண்டு.

கம்பெனி சொன்ன விலை ஒன்று. கடையில் கேட்ட விலை ஒன்று. நடுவில் உள்ள பணம் எதற்கு? இரும்புக்கா? ரப்பருக்கா? இல்லை. வாங்க வந்தவன் கண்ணில் தெரிந்த ஆசைக்கு!

“மானேஜரைக் கேட்டு வருகிறேன்”

கடைக்குள் ஒரு நாடகமே நடக்கும். அதன் வசனம் பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

“இந்தச் சிவப்புக் கார் உங்களுக்கென்றே செய்தது போல் இருக்கிறது, சார். ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்.”

பையன் ஓட்டிப் பார்ப்பான். திரும்பி வரும்போது முகம் மலர்ந்திருக்கும். விற்பனை ஆசாமி அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

“விலையில் 2,000 டாலர் குறைப்பீர்களா?”

“எனக்கு ஆட்சேபணை இல்லை சார். மானேஜரைக் கேட்டு வருகிறேன்.”

போவார். பத்து நிமிஷம் ஆகும். இருபது நிமிஷம் ஆகும். பையன் காத்திருப்பான். திரும்பி வந்து, “மானேஜரோடு சண்டையே போட்டேன் சார். உங்களுக்காக 300 டாலர் குறைத்திருக்கிறார். இன்றைக்கு மட்டும்தான்!” என்பார்.

சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை. காத்திருக்க வைப்பதே தந்திரம். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவனுக்கு வெறுங்கையோடு எழுந்து போக மனம் வராது. “போனால் போகிறது, முடித்துவிடலாம்” என்று தோன்றும். அந்த எண்ணம் வந்ததுமே, இனிக் குறைக்க வேண்டியதில்லை என்று கடைக்காரருக்குத் தெரிந்துவிடும்.

மாதத் தவணை மயக்கம்

இனிதான் காகிதத் துண்டு வருகிறது. ஒரு தாளை நான்கு கட்டமாகப் பிரிப்பார்கள். ஒன்றில் புதுக் காரின் விலை. ஒன்றில் பழைய காருக்குத் தரும் பணம். ஒன்றில் முன்பணம். ஒன்றில் மாதத் தவணை. பேச்சு ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குத் தாவிக்கொண்டே இருக்கும். ஒன்றில் விட்டுக் கொடுத்ததை இன்னொன்றில் பிடித்துவிடுவார்கள். இதில் ஏமாறாதவர் சொற்பம்.

எல்லாவற்றிலும் பெரிய பொறி ஒரே ஒரு கேள்வியில் இருக்கிறது. “மாதம் எவ்வளவு கட்ட முடியும், சார்?”

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30,000 டாலர் கார். வட்டி வருஷத்துக்கு 100-க்கு 7. கெடு 60 மாதம். மாதத் தவணை சுமார் 594 டாலர். மொத்தம் கட்டுவது சுமார் 35,640 டாலர்.

“594 கட்ட முடியாது” என்கிறான் பையன். “கவலைப்படாதீர்கள். 483 ஆக்கித் தருகிறேன்” என்கிறார் கடைக்காரர். பையன் கும்பிட்டுக் கையெழுத்துப் போடுகிறான்.

என்ன செய்தார் தெரியுமா? காரின் விலையை 2,000 டாலர் கூட்டி 32,000 ஆக்கிவிட்டார். கெடுவை 84 மாதமாக நீட்டிவிட்டார். தவணை குறைந்தது உண்மை. ஆனால் மொத்தம் கட்டுவது சுமார் 40,570 டாலர். கிட்டத்தட்ட 4,930 டாலர் அதிகம்! விலை ஏறியது, தவணை இறங்கியது, பையன் சந்தோஷப்பட்டான். இதுதான் துண்டு.

வட்டியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கடன் கொடுக்கும் பாங்கி ஒரு வட்டி சொல்லும். டீலர் அதற்கு மேல் கொஞ்சம் கூட்டிச் சொல்லலாம். கூட்டிய பணத்தில் அவருக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவுக்குப் புதிதாகப் போனவனுக்கு அங்கே கடன் வாங்கித் திருப்பிய சரித்திரமே இருக்காது. வட்டி அதிகம் என்றால், “நமக்கு இவ்வளவுதான் கிடைக்கும் போலிருக்கிறது” என்று நம்பிவிடுவான்.

முகத்தைப் பார்த்து விலை

“சாமர்த்தியம் உள்ளவன் குறைத்து வாங்குகிறான். சாமர்த்தியம் இல்லாதவன் கூடக் கொடுக்கிறான். இதில் என்ன அநியாயம்?” என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி சொல்கிறேன்.

அயன் ஏர்ஸ், பீட்டர் சீகல்மன் என்ற இரண்டு பேராசிரியர்கள் சிகாகோ வட்டாரத்தில் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். அதன் முடிவு 1995-ல் வெளியாயிற்று. வெள்ளைக்கார ஆண், வெள்ளைக்காரப் பெண், கறுப்பு நிற ஆண், கறுப்பு நிறப் பெண் என்று பலரைக் கார்க் கடைகளுக்கு அனுப்பினார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி உடை. எல்லோரும் பேச வேண்டிய பேச்சும் ஒன்றே. கேட்ட காரும் ஒன்றே. 300 தடவைக்கு மேல் இப்படிச் சோதித்தார்கள்.

பேரம் முடிந்தபோது, வெள்ளைக்கார ஆணுக்குச் சொன்ன விலையைவிடக் கறுப்பு நிற ஆணுக்குச் சராசரி சுமார் 1,100 டாலர் அதிகம் சொன்னார்கள். கறுப்பு நிறப் பெண்ணுக்குச் சுமார் 400 டாலர் அதிகம். வெள்ளைக்காரப் பெண்ணுக்குச் சுமார் 90 டாலர் அதிகம். பேச்சு ஒன்று, சாமர்த்தியம் ஒன்று, கார் ஒன்று. முகம்தான் வேறு!

பேரம் என்பது சரிசமமானவர்களின் விளையாட்டு அல்ல என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? துண்டு போட்டு விலை பேசினால், எளியவன் தலையில்தான் பாரம் ஏறும்.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. 2003-ல் வேறு சிலருடைய ஆராய்ச்சி வெளியாயிற்று. கடைக்கு நேரில் போய் வாங்கிய சிறுபான்மை இனத்தார் வெள்ளையரைவிட 100-க்குச் சுமார் 2 அதிகம் கொடுத்தார்கள். இன்டர்நெட் மூலம் விலை கேட்டு வாங்கியவர்களிடம் அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஏன்? அங்கே முகம் தெரிவதில்லை, எழுத்துதான் தெரிகிறது. வாங்குகிறவர் விலையையும் விசாரித்துக்கொண்டு வருகிறார். துண்டு விலகினால் அநியாயமும் விலகுகிறது!

துண்டை விலக்கும் வழி

அப்படியானால் நம் பையன் என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, விலையை வீட்டிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். அட்டை விலை ஒன்று; கம்பெனி டீலருக்குப் போடும் பட்டியல் விலை ஒன்று. எட்மண்ட்ஸ், கெல்லி புளூ புக் போன்ற விலை வழிகாட்டிகளைப் பார்த்தால் இந்த விவரங்கள் கிடைக்கும். பட்டியல் விலைதான் டீலரின் அடக்கம் என்றும் நம்பிவிடக் கூடாது. அட்டை விலையில் 100-க்கு 2 அல்லது 3 டாலரைப் பிற்பாடு டீலருக்குத் திருப்பித் தரும் கம்பெனிகள் உண்டு.

இரண்டாவது, கடனை முதலில் ஏற்பாடு செய்துகொண்டு கடைக்குப் போக வேண்டும். பாங்கி தரும் வட்டி கையில் இருந்தால், டீலர் சொல்லும் வட்டி சரியா தப்பா என்று உடனே தெரியும்.

மூன்றாவது, ஐந்தாறு கடைகளுக்கு எழுதிக் கேட்க வேண்டும். “இன்ன மாடல், இன்ன நிறம், இன்ன சாமான்கள். வரி, பதிவு, தஸ்தாவேஜுக் கட்டணம் எல்லாம் சேர்த்து, காரை வெளியே ஓட்டிக்கொண்டு போக மொத்தம் எவ்வளவு?” இந்த ஒரு கேள்வி போதும். தஸ்தாவேஜுக் கட்டணம் என்று சாதாரணமாக நினைக்க வேண்டாம். கலிபோர்னியாவில் அதற்குச் சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. புளோரிடாவில் உச்சவரம்பு இல்லாததால் பல நூறு டாலர் கேட்கிறார்கள்.

நான்காவது, பழைய கார் பேச்சைப் புதுக் கார் பேச்சோடு கலக்கக் கூடாது. மாதத் தவணையைப் பற்றிக் கேட்டால், “மொத்தத் தொகையைச் சொல்லுங்கள்” என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது, பொறுமை. புது மாடல் வந்த சூட்டில் வாங்கப் போனால் எந்தச் சாமர்த்தியமும் பலிக்காது. ஒரு வருஷம் போகட்டும். பனி கொட்டும் ஊர்களில் மேற்கூரை மடக்கும் காருக்குக் குளிர்காலத்தில் கிராக்கி குறையும். டீலரும் கடன் வாங்கித்தான் கார்களைக் கடையில் நிறுத்தியிருக்கிறார். விற்காத கார் ஒவ்வொரு நாளும் வட்டி தின்னும். மாதக் கடைசியில் விற்பனைக் கணக்கை நிரப்ப வேண்டிய அவசரமும் அவருக்கு உண்டு. நம் பொறுமை அவருடைய அவசரத்தைச் சந்திக்கும் நாளில் விலை தானே இறங்கும்.

ஆறாவது, கையெழுத்துப் போடும் அறையில் கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். விலை முடிந்துவிட்டது என்று மனம் தளர்ந்திருக்கும் நேரம் அது. கூடுதல் உத்தரவாதம், வர்ணப் பூச்சுப் பாதுகாப்பு, டயரில் நைட்ரஜன் காற்று என்று ஒவ்வொன்றாக நீட்டுவார்கள். வேண்டாததை வேண்டாம் என்று சொல்லலாம். கையெழுத்துக்குப் பிறகு, “மூன்று நாளைக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்” என்று பலர் நினைக்கிறார்கள். வீடு தேடி வந்து விற்பவர்களிடம் வாங்கிய பொருளுக்கு அப்படி ஒரு விதி உண்டு. கடையில் போய் வாங்கிய காருக்கு அது பொருந்தாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, எழுந்து போகத் துணிய வேண்டும். “வணக்கம், வருகிறேன்” என்ற வார்த்தைக்கு இருக்கும் சக்தி வேறு எந்த வார்த்தைக்கும் இல்லை.

வியாபாரி பக்கத்து நியாயம்

டீலர்கள் எல்லோரும் கொள்ளைக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. கடை வாடகை, சிப்பந்திகள் சம்பளம், வட்டி எல்லாம் அவர்களுக்கும் உண்டு. விற்பனை செய்யும் ஆசாமியும் பிள்ளைகுட்டிக்காரர். கார் விற்றால்தான் அவருக்குக் கமிஷன். நியாயமான லாபம் அவர்களுக்கு வேண்டும். அதை மறுக்கக் கூடாது.

ஆனால் லாபத்தை வெளிச்சத்தில் வைத்து வாங்கலாமே! 1990-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி ‘சேட்டர்ன்’ என்ற பெயரில் கார்களை விற்க ஆரம்பித்தது. பேரமே கிடையாது, எல்லோருக்கும் சொன்ன விலை. ஜனங்கள் அந்தக் கடைகளை விரும்பினார்கள். புது மாடல்கள் போதாமல் பிற்காலத்தில் விற்பனை குறைந்து, 2010-ல் அந்தக் கார் நின்று போனது உண்மைதான். ஆனால் கார் நின்றதே தவிர, அந்தக் கொள்கை தோற்கவில்லை. இன்று டெஸ்லாவும் சொன்ன விலைக்குத்தான் விற்கிறது.

2023 டிசம்பரில் அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷன் ஒரு விதி வெளியிட்டது. கார் விலையை மறைக்காமல் முழுத் தொகையாகச் சொல்ல வேண்டும், வாங்குகிறவர் சம்மதம் இல்லாமல் எதையும் சேர்க்கக் கூடாது என்றது அந்த விதி. டீலர் சங்கத்தார் வழக்குப் போட்டார்கள். விதி செய்த முறையில் குறை இருக்கிறது என்று சொல்லி, 2025 ஜனவரியில் கோர்ட்டு அதை ரத்து செய்துவிட்டது. 1958-ல் மன்ரோனி தொடங்கிய வேலை இன்னும் பாதியில்தான் நிற்கிறது.

என் அபிப்பிராயம் இதுதான். ஒரே காருக்கு ஒரே விலை. அந்த விலை எல்லோர் கண்ணிலும் பட வேண்டும். அது வரும் வரையில், ஒவ்வொருவரும் மொத்தத் தொகையைக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு கையெழுத்துப் போட வேண்டும்.

அமெரிக்காவில் பிள்ளை இருக்கும் தாய்மார்களே, தகப்பன்மார்களே! அடுத்த தடவை பேசும்போது, “சாப்பிட்டாயா? குளிர் அதிகமா?” என்று கேளுங்கள். கார் வாங்கப் போகிறேன் என்று அவன் சொன்னால், இதையும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: “தம்பி, மாதம் எவ்வளவு என்று கேட்காதே. மொத்தம் எவ்வளவு என்று கேள். துண்டை விலக்கிப் பார்த்துவிட்டுக் கையைக் கொடு!”